பால் குடிக்கும்போது வியர்த்த நெற்றி

எங்கள் மகன் பிறந்த ஐந்தாவது வாரத்தில், பால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் அவன் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்துமுத்தாகத் துளிர்ப்பதை முதன்முதலாகக் கவனித்தேன். அறை குளிர்ச்சியாகவே இருந்தது. அவன் பாதங்கள் என் கைக்குச் சில்லென்றிருந்தன. தலை மட்டும் நனைந்திருந்தது. ஐந்தாறு நிமிடம் வேகமாக உறிஞ்சுவான், வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்குவான், அப்படியே கண் அயர்ந்துவிடுவான், முக்கால் மணி நேரத்தில் பசியோடு அழுதுகொண்டு எழுவான். இரண்டாவது குழந்தை என்பதால் பால் கொடுப்பதில் எனக்குப் பழக்கம் இருந்தது. மூத்த மகள் ஒருநாளும் இப்படிக் குடித்ததில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சில குழந்தைகள் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நானும் ஒரு வாரம் அதை நம்பினேன். அந்த ஒரு வாரம் இன்றும் என்னை வருத்துகிறது. கைக்குழந்தையின் இதயக் கோளாறு வீட்டாரின் கண்ணுக்கு முதலில் தெரியும் இடம் பால் குடிக்கும் நேரம்தான் என்பதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த வாரத்தை நான் இழந்திருக்க மாட்டேன். ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை 3.3 கிலோ. பிறந்தபோது 2.9 கிலோ. பிறந்தவுடன் சற்றுக் குறையும் எடையைப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது வாரத்துக்குள் மீட்டுவிட்டு, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடுகின்றன. எங்கள் மகன் நாளொன்றுக்கு 14 கிராம்தான் கூடியிருந்தான். குழந்தை மருத்துவர் அவன் சட்டையை அவிழ்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார்: 68. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு என்றும், வீட்டில் எண்ணும்போதும் அரை நிமிடம் எண்ணி இரட்டிக்காமல் முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்றும் சொன்னார். பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தார், கல்லீரல் வீங்கியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மௌனத்திலேயே எனக்கும் என் கணவருக்கும் பாதி விளங்கிவிட்டது.

மறுநாள் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்து முடித்ததும் குழந்தை இதய மருத்துவர் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்தார். மேலே இரண்டு மேலறைகள், கீழே இரண்டு கீழறைகள். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை வரையும்போது, கோட்டை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் தொடர்ந்தார். விட்ட அந்த இடம்தான் எங்கள் மகனின் நோய்: அவனுடைய கைப்பிடி அளவேயுள்ள இதயத்தில் 7 மில்லிமீட்டர் துளை. இடக் கீழறையின் அழுத்தம் வலக் கீழறையின் அழுத்தத்தைக் காட்டிலும் மிக அதிகம் என்பதால், நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வந்த இரத்தத்தில் ஒரு பெரும் பகுதி உடலுக்குப் போகாமல், துளை வழியே மறுபடியும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வேகமாகிறது. ஒரு வேலையை இரண்டு முறை செய்து இதயம் பெரிதாகிறது. குடிக்கும் பாலின் சத்து மூச்சு விடுவதிலேயே தீர்ந்துபோகிறது. பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறுவது எப்படியோ அப்படித்தான் அந்த வயதுக் குழந்தைக்குப் பால் குடிப்பது என்று அவர் சொன்னபோது, வியர்வை, சில்லென்ற பாதங்கள், பாதியில் வரும் தூக்கம் ஆகிய மூன்றும் எனக்கு ஒரே நேரத்தில் புரிந்தன.

பிறந்தபோதே ஏன் தெரியவில்லை என்று என் கணவர் சற்றுக் கோபத்தோடுதான் கேட்டார். பிறந்த புதிதில் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வழியே ஓட்டம் குறைவாகவே இருக்கும். நான்கு முதல் எட்டு வாரங்களில் அந்த இறுக்கம் தளரும்போதுதான் இரத்தம் வெள்ளமாகப் பாயத் தொடங்கும். மேலும் இவ்வகைத் துளையில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து குழந்தை நீலம் பாய்வதில்லை. பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் மாட்டிப் பார்த்த, இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டியது உண்மைதான்; ஆனால் அந்தச் சோதனை நீலம் பாயும் கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே பெரிதும் உதவும், இதைக் காட்டாது. யாரும் தவறவிட்டதாக நாங்கள் எண்ண வேண்டியதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அன்று அவர் எங்களுக்குச் சொன்ன வேறொன்றும் உண்டு. பிறவி இதயக் கோளாறு ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அவற்றில் கீழறைச் சுவர்த் துளை மிகவும் பரவலானது. கருவின் இதயம் எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுகிறது. அதாவது, கருவுற்றிருப்பதை நான் உறுதிப்படுத்திக்கொண்டு அதிக நாட்கள் ஆகாத காலத்திலேயே அந்தச் சுவர் மூடாமல் நின்றுவிட்டது. நீ ஏதாவது தூக்கினாயா, விழுந்தாயா, எதையாவது சாப்பிட்டாயா என்று பின்னாளில் உறவினர் சிலர் கேட்டபோதெல்லாம் அந்த எட்டாவது வாரக் கணக்குதான் எனக்குப் பற்றுக்கோடாக இருந்தது. இப்படிப்பட்ட கேள்விகளை அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கேள்வியைத் தாய் ஏற்கெனவே நூறு முறை தன்னையே கேட்டிருப்பாள்.

சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். எங்கள் மகனுடையது அந்த வகையில் சேராது. முதலில் மருந்துகளாலும் கூடுதல் சத்தினாலும் எடையை ஏற்றிவிட்டு, நான்காவது மாதத்தில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று முடிவாயிற்று. நுரையீரல் இரத்தக் குழாய்கள் நெடுங்காலம் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருந்தால் தடித்து இறுகிவிடும், அதன்பின் துளையை அடைப்பதே ஆபத்தாகிவிடும் என்பதால் வரம்பின்றிக் காத்திருக்கவும் முடியாது. வளர்ந்த பிறகு செய்துகொள்ளலாமே, இவ்வளவு சின்ன உடம்பில் கத்தி வைக்கலாமா என்று என் மாமியார் கலங்கினார். அவரையும் ஒருநாள் அழைத்துச் சென்று மருத்துவரிடமே கேட்க வைத்தோம். நாங்கள் பத்து நாள் சொல்லியும் ஏற்காததை அவர் பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். வீட்டிலுள்ள பெரியவர்களைப் பின்னால் நிறுத்தி வைப்பதைவிட மருத்துவர் முன்னால் உட்கார வைப்பது எல்லோருக்கும் நல்லது.

அன்று வாங்கிய நோட்டுதான் அடுத்த பத்து மாதத்துக்கும் மேலாக எங்களுக்குத் துணையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் பால் குடித்த நேரம், எத்தனை நிமிடம், வியர்த்ததா, வாந்தி எடுத்தானா, எத்தனை முறை சிறுநீர் கழித்தான், தூங்கும்போது மூச்சு எத்தனை, வாரத்துக்கு இரண்டு முறை ஒரே தராசில் எடை ஆகியவற்றை எழுதினோம். முதலில் இது என்னை மேலும் பதற வைக்கும் என்று நினைத்தேன். நடந்தது அதற்கு நேர்மாறானது. மருத்துவர் 'எப்படிக் குடிக்கிறான்?' என்று கேட்கும்போது 'பரவாயில்லை' என்று சொல்வதற்கும், 'சென்ற வாரம் சராசரியாக 18 நிமிடம், இந்த வாரம் 11 நிமிடம்' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு சிகிச்சையையே மாற்றுகிறது. அந்தப் 11 நிமிடத்தைப் பார்த்துத்தான் மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் போட முடிவு செய்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் குடிக்க வைக்க முயன்றால் குடித்த சத்தைவிடச் செலவழித்த சத்து அதிகமாகிவிடும். ஆகவே அரை மணியோடு நிறுத்திவிட்டு மீதிப் பாலைக் குழாய் வழியே விட வேண்டும் என்பது விதி. குழாயைப் பார்த்ததும் தோற்றுவிட்டதாக அழுதேன். இரண்டு வாரத்தில் 400 கிராம் கூடியதைத் தராசில் பார்த்த பிறகு அந்தக் குழாயின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மருந்து விஷயத்தில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு சொட்டு மருந்து கொடுத்துவந்தோம். அளவு 4 மில்லிகிராம். முதல் புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற செறிவு இருந்ததால் ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மில்லிலிட்டர் எடுத்துக் கொடுப்பது எங்கள் கைக்குப் பழகிவிட்டது. மருந்து தீர்ந்து புதுப் புட்டி வாங்கியபோது, கடையில் எதுவும் சொல்லாமல் வேறு செறிவுள்ள புட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். சிரிஞ்சில் 1 மில்லிலிட்டர் இழுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோன பிறகுதான், மருந்தின் நிறம் சற்று மாறியிருப்பதைக் கண்டு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கொடுத்திருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும். கொடுக்க வேண்டியது 0.4 மில்லிலிட்டர்தான். அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் மில்லிகிராம், செறிவு, மில்லிலிட்டர் ஆகிய மூன்றையும் எழுதி, புதுப் புட்டி வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துவந்த பிறகே திறந்தோம். கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா கூடாதா என்பதையும் மருந்துக்கு மருந்து முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். நள்ளிரவில் அந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்ல யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு நான்கு நாட்கள் இருந்தபோது ஐந்து வயது மகளுக்குச் சளி பிடித்தது. அடுத்த நாள் தம்பிக்கும் மூக்கு ஒழுகியது. சளி இருக்கும் குழந்தையை, அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய–நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தால் பிறகு நுரையீரல் தேறுவது கடினம் என்பதால் ஐந்து வாரம் தள்ளிப்போட்டார்கள். வீட்டில் யாரும் மகளைத் திட்டவில்லை. ஆனால் 'அவளுக்கு வந்த சளியால்தான்' என்று தொலைபேசியில் யாரிடமோ நான் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் முழுவதும் அவள் தம்பியின் தொட்டில் இருந்த அறைக்குள் வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். இரவில் தூங்குவதற்கு முன் 'அம்மா, நான் தம்பியைத் தொடாம இருந்தா ஓட்டை மூடிடுமா?' என்று கேட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் இதயத்தில் துளை அவன் என் வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்தது, யாரும் செய்ததல்ல, நீ செய்ததும் அல்ல என்று நானே மருத்துவர் வரைந்ததுபோல் நான்கு கட்டம் வரைந்து காட்டினேன். கை கழுவிவிட்டுத் தம்பியின் பாதத்தைத் தொடலாம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். முகத்துக்குப் பக்கத்தில் போவதில்லை. நோயுள்ள குழந்தையின் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அவர்கள் கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள், அந்தக் காரணம் பெரும்பாலும் தாங்களாகவே இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நாளில் இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். நாங்கள் கேட்ட கேள்விகளில் மிகவும் பயன்பட்டவை: துளையை எதனால் அடைப்பீர்கள், எத்தனை மணி நேரத்தில் முதல் தகவல் வரும், அதை யார் வந்து சொல்வார்கள், முதலில் பார்க்கும்போது குழந்தை எப்படி இருப்பான், தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் உடனிருக்கலாம். ஆபத்துகளின் பட்டியலைக் கேட்கும்போது காதை மூடிக்கொள்ளத் தோன்றும். ஆனால் துளையின் விளிம்பை ஒட்டியே இதயத் துடிப்பைக் கடத்தும் நரம்பிழை போன்ற பாதை ஓடுகிறது, தையல் போடும்போது அது பாதிக்கப்பட்டால் துடிப்பு குறையலாம், அதற்காகத் தற்காலிகக் கம்பிகளை வைத்தே நெஞ்சை மூடுவோம் என்று அன்று கேட்டு வைத்திருந்தது பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

காலை ஏழரை மணிக்கு அறுவை சிகிச்சை. தாய்ப்பால் குடித்து நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால் மூன்று மணிக்கு எழுப்பிக் கடைசியாகப் பால் கொடுத்தேன். அன்றும் நெற்றி வியர்த்தது. அதன்பின் அவன் அழுதபோது என் உடையில் பால் வாசனை இருந்ததால் அவன் மேலும் தேடினான். என் கணவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இது சிறிய செய்திதான், ஆனால் பட்டினி நேரத்தில் பால் கொடுக்கும் தாயைவிட மற்றொருவர் குழந்தையை வைத்திருப்பது இருவருக்குமே எளிது.

கதவு மூடிய பிறகு ஐந்து மணி நேரம். உள்ளே நடப்பதை நாங்கள் முன்பே கேட்டு அறிந்திருந்தோம்: நெஞ்செலும்பை நடுவில் திறந்து, இரத்தம் உறையாமல் ஹெபாரின் கொடுத்து, இயந்திரத்தோடு இணைத்து, உடலைச் சற்றுக் குளிரவைத்து, பொட்டாசியம் கலந்த கரைசலால் இதயத்தை நிறுத்தி, இதயத்தின் உறையிலிருந்தே வெட்டிய சிறு துண்டால் துளையை அடைத்துத் தைப்பார்கள். என் கணவர் அந்தக் காத்திருப்பில் தான் படித்த ஒன்றைச் சொன்னார். 1953 மே 6 அன்று அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதய–நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு மேலறைத் துளை ஒன்றை மூடினார். ஆனால் அதைத் தொடர்ந்து வெற்றிகள் அமையவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 26 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் 13 மாதக் குழந்தையின் கீழறைத் துளையை மூடினார். அப்போது இயந்திரத்துக்குப் பதில் குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் இரத்தக் குழாய்களோடு இணைத்து, தந்தையின் இதயமும் நுரையீரலும் இருவருக்காகவும் வேலை செய்யும்படி வைத்தார். துளை மூடியது, ஆனால் 11 நாள் கழித்து நிமோனியாவால் அந்தக் குழந்தை இறந்தது. அதன்பின் அதே முறையில் செய்துகொண்டவர்களையும் சேர்த்து 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 'அந்த அப்பா பக்கத்து மேசையில் படுத்திருந்தார்' என்று என் கணவர் சொன்னார், அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து அவர் கலங்கியதை நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு மணிக்கு மேல் அறுவை மருத்துவர் வந்து துளை மூடிவிட்டது என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போவதற்கு முன், அதே சிகிச்சை முடிந்த வேறொரு குழந்தையின் புகைப்படத்தைச் செவிலியர் காட்டினார்; அது இல்லாவிட்டால் நான் வாசலிலேயே விழுந்திருப்பேன். முகமும் கண்ணிமைகளும் நீர் கோத்து வீங்கி, வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊசிக் குழாய்கள், வயிற்றுக்கு மேலிருந்து இரண்டு வடிகுழாய்கள், தோலுக்கு வெளியே சுருட்டி ஒட்டிய இரண்டு மெல்லிய நீலக் கம்பிகள். செவிலியர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, அது எதற்கு, எப்போது எடுப்பார்கள் என்று சொன்னார். எது எப்போது போகும் என்று தெரிந்துகொண்ட பிறகு குழாய்கள் அச்சுறுத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் குறையும் கணக்காக மாறின. குழந்தையை வருடிக்கொடுக்கப் போன என் கையையும் அவர்தான் தடுத்தார். வருடினால் அந்த நிலையில் அவனுக்கு எரிச்சலாகும். ஒரு கையை உச்சந்தலையிலும் மறு கையைப் பாதங்களிலும் அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி வைத்த சில நிமிடங்களில் திரையில் துடிப்பின் எண் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. பிறந்ததிலிருந்து அவன் பாதம் அப்படி இருந்து நான் அறியேன்.

இரண்டாம் நாள் துடிப்பு குறைந்தது. அந்த நீலக் கம்பிகளைச் சிறு பெட்டி ஒன்றோடு இணைத்து ஒன்றரை நாள் இதயத்தை இயக்கினார்கள். ஒரு வாரம் பத்து நாளில் திரும்பாவிட்டால் நிரந்தரப் பேஸ்மேக்கர் வைக்க நேரிடும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். மூன்றாம் நாள் இரவில் அவன் இதயமே தன் துடிப்பை எடுத்துக்கொண்டது. அந்த ஒன்றரை நாளைப் பற்றி எழுத எனக்கு வேறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் செய்ய முடிந்த ஒரே காரியம் மூன்று மணிக்கொரு முறை பால் பீய்ச்சி எடுத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டிக் கொடுப்பதுதான், அதைச் செய்தேன். அவன் குடிக்காத நாட்களில் பீய்ச்சாமல் விட்டிருந்தால் பால் வற்றியிருக்கும். மன அழுத்தத்தால் முதல் நாள் 20 மில்லிலிட்டர்தான் வந்தது, அதையும் கொட்டாதீர்கள் என்றார்கள். குழாய் வழியே 5 மில்லிலிட்டரில் தொடங்கி, பத்து, பதினைந்து என்று ஏற்றினார்கள்.

நான்காம் நாள் வென்டிலேட்டரை எடுத்தபோது அவன் அழுதான், சத்தம் வரவில்லை. குரல்நாண்களை உரசிக்கொண்டிருந்த குழாய் எடுத்தபின் சில நாள் குரல் கம்மியிருப்பது வழக்கம் என்று சொன்னார்கள். ஒரு வாரத்தில் குரல் திரும்பியது. ஆறாம் நாள் மாலை வடிகுழாய்களும் போய்விட்டபின் அவனை என் மடியில் வைத்தார்கள். மறந்துவிட்டானோ என்ற பயம் எனக்கு இருந்தது. சற்று முகர்ந்தான், வாயைத் திறந்தான், பற்றிக்கொண்டான். வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பன்னிரண்டு. நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தேன். நோட்டில் அன்றைய வரியில் '12 நிமிடம், வியர்வை இல்லை' என்று எழுதியது என் கணவர்தான், எனக்குக் கை ஓடவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு பொருந்த ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதுவரை குழந்தையை அக்குளில் கைகொடுத்தோ கையைப் பிடித்தோ தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில், மறு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அள்ளித்தான் தூக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, வந்தவர்கள் யாரும் செய்வதில்லை. ஒரு பொம்மையை வைத்து மகளே எல்லோருக்கும் செய்து காட்டினாள், செய்து காட்டியபின்தான் தூக்கக் கொடுத்தோம். காயம் காயும்வரை துணி நனைத்துத் துடைத்தோமே தவிர நீரில் உட்கார வைக்கவில்லை. சிவப்பு பரவுகிறதா, நீர் கசிகிறதா, எலும்பு நகர்வதுபோல் சத்தம் கேட்கிறதா என்று தினமும் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காத்திராமல் அழைக்கச் சொல்லியிருந்தார்கள். இரவில் திடுக்கிட்டு அலறுவதும், நீலக் கையுறையைக் கண்டாலே அழுவதும் இரண்டு மாதம் வரை நீடித்தன. அவனைக் குறை சொல்ல ஏதுமில்லை.

பதினேழாம் நாள் ஒரு சிணுங்கல் தொடங்கியது. காய்ச்சல் 37.8 தான், காயமும் சுத்தமாக இருந்தது. பார்த்தவர்கள் பல் முளைக்கும் காலம் என்றார்கள். ஆனால் நோட்டில் 20 நிமிடத்திலிருந்து 16, 13, 9 என்று மூன்று நாளில் இறங்கியிருந்தது. படுக்கவைத்தால் அழுதான், நிமிர்த்திப் பிடித்தால் அடங்கினான். இம்முறை நான் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. எண்களைத் தொலைபேசியில் வாசித்தேன். உடனே வரச் சொன்னார்கள். எக்கோவில் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்ந்திருந்தது. இதய அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஆறு வாரங்களுக்குள் உடலின் எதிர்வினையால் சிலருக்கு இப்படி நேரும். முன்கூட்டியே கண்டதால் மருந்திலேயே வடிந்துவிட்டது, மூன்று நாளில் திரும்பினோம். அளவு மீறிச் சேர்ந்திருந்தால் ஊசியால் எடுக்க வேண்டியிருந்திருக்கும். உடன் பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

தடுப்பூசிகளைப் பற்றிப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அறுவையின்போது இரத்தம் ஏற்றியிருந்தால் தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் சில மாதங்களுக்குச் சரியாகப் பலன் தராமல் போகலாம். ஏற்றிய நாளைக் குறித்து வைத்து, தடுப்பூசி போடுபவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். ஒட்டுத் துண்டு வைத்த ஆறு மாதத்துக்குள் பல் மருத்துவம் ஏதாவது நேர்ந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவையா என்று கேட்க வேண்டும்; வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்படலத்தில் தங்கிவிடும் அபாயம் இருக்கிறது. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே மெல்லிய துணியால் துடைக்கத் தொடங்கினோம்.

குப்புறப்படுக்க விடாமல் வைத்திருந்த வாரங்களால் தலை தூக்குவதும் புரள்வதும் தாமதமாயின. ஒன்பது மாதத்தில்தான் புரண்டான். சம வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு நான் மனம் சோர்ந்தபோது, பிசியோதெரபிஸ்ட் அறுவை முடிந்த நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள் என்றார். அது எனக்கு உதவியது. உதவாத ஒன்றும் உண்டு: எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று எல்லோரும் சொன்ன அந்த மாதங்களில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. மானிட்டரின் எச்சரிக்கை ஒலி போன்ற எதைக் கேட்டாலும் நெஞ்சு படபடத்தது. மனநல ஆலோசகரிடம் ஆறு முறை போனேன். ஆபத்து இருந்தபோது ஒத்திவைத்த பயமெல்லாம் ஆபத்து நீங்கியபின் வருவது பெற்றோருக்கு இயல்பு என்று அவர் சொல்லக் கேட்ட பிறகுதான் என் கணவரும் தனக்கு வரும் கனவுகளைப் பற்றிப் பேசினார்.

இப்போது அவனுக்கு ஒன்றேகால் வயது, எடை 9.2 கிலோ, பிடித்துக்கொண்டு நிற்கிறான். சென்ற வாரம் எடுத்த எக்கோவில் ஒட்டுத் துண்டின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கசிவு தெரிகிறது. இதயத்துக்குச் சுமையாகாத அளவு, பெரும்பாலும் மூடிக்கொள்ளும், ஆனால் மூடும்வரை பல் விஷயத்தில் அந்த எச்சரிக்கை தொடர வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. நோட்டில் நிமிடங்கள் எழுதுவதை அவனுக்கு ஒரு வயது நிறைந்த அன்று நிறுத்திவிட்டோம். கடைசி இரண்டு பக்கங்களில் மகள் நான்கு கட்டங்கள் வரைந்து, நடுக்கோட்டின் மேல் மெழுகுப் பென்சிலால் சிவப்பாக ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறாள்.